ஏரியைத் தாண்டி நட!

முதுகில் ஒரு பை, கையில் ஒரு பஸ் டிக்கெட்: திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்கு

இ-பாஸ் எடுக்காமல் கொடைக்கானலுக்குப் போக ஒரு வழி இருக்கிறது. கள்ள வழி எல்லாம் இல்லை. திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்துக்குப் போய், கொடைக்கானல் போர்டு போட்ட அரசுப் பேருந்தில் ஏறி உட்கார வேண்டியதுதான். 2024 மே 7-ம் தேதி நடைமுறைக்கு வந்த இ-பாஸ் வண்டிக்குத்தானே தவிர, பஸ்ஸில் வருகிறவருக்கு இல்லை. அடுத்த ஆண்டே சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு படி போனது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 4,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 6,000 வண்டிகள், அதற்கு மேல் கொடைக்கானல் மலைக்கு ஏறக் கூடாது என்று எண்ணிக்கையே வைத்துவிட்டது. பஸ்ஸில் வரும் ஆள் அந்தக் கணக்கில் வரமாட்டார். மலையும் அவரைக் கணக்கில் வைக்கத் தேவையில்லை: வண்டி நிறுத்த இடம் கேட்கமாட்டார், ஏழு ரோடு சந்திப்பில் ஹாரன் அடிக்கமாட்டார், ஐந்து பேருக்கு ஒரு கார் என்று பாதையை அடைக்கமாட்டார்.

இந்தக் கட்டுரை அவருக்கானது. காரில் வந்து இரண்டு நாளில் ஏரி, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா, தூண் பாறை, குணா குகை, பைன் காடு, சாக்லேட் என்று டிக் அடித்துவிட்டு இறங்குகிறவர்களைக் குறை சொல்ல வரவில்லை. குழந்தையும் வயதான அம்மாவும் கூட வந்தால் வேறென்ன செய்ய முடியும்? ஆனால் இருபது வயதில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஒருவர் அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அதே நெரிசலில் நிற்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும். ஏரிக்கரை கொடைக்கானலின் வாசல் மட்டும்தான். ஊர் அதற்குப் பின்னால் இருக்கிறது.

சமவெளியின் மாடி

வெளியூர்க்காரருக்குக் கொடைக்கானல் ஒரு சுற்றுலாத் தலம். திண்டுக்கல்காரருக்கு அது மாவட்டத்தில் ஒரு தாலுகா. 1985 செப்டம்பரில் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனபோது கூடவே வந்த மலை. அதனால் அந்தப் பஸ்ஸில் ஸ்வெட்டர் போட்ட சுற்றுலாப் பயணிகள் மட்டும் இருக்கமாட்டார்கள். டிபன் கேரியரை மடியில் வைத்த ஆசிரியர், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் போட்டுவிட்டுத் திரும்பும் விவசாயி, கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு ஒரு குடும்பம் என்று இருப்பார்கள். பெரிய பையோடு ஏறினால் கண்டக்டர், “தம்பி, பையைக் கால்ல போடாதீங்க, பின்னாடி டயர் மேட்டுல வச்சிருங்க. வளைவுல உருண்டு வரும், அங்கிட்டு கம்பியோட சேத்துக் கட்டிருங்க” என்பார். கட்டிவிடுங்கள். நிஜமாகவே உருண்டு வரும்.

செம்பட்டி தாண்டும்வரை தென்னையும் வயலும்தான். வத்தலக்குண்டில் பஸ் கொஞ்சம் நிற்கும். இலக்கியம் படிக்கிறவர்கள் இறங்கி ஒரு டீயாவது குடிக்கலாம். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜம் ஐயர், ‘மணிக்கொடி’ பி.எஸ்.ராமையா, ‘எழுத்து’ பத்திரிகை நடத்திய சி.சு.செல்லப்பா மூவருமே இந்த ஊரோடு சேர்ந்தவர்கள். இவ்வளவு சின்ன ஊருக்கு இது கொஞ்சம் அதிகப்படியான பங்குதான்!

காட்ரோடு வந்ததும் மலை ஆரம்பிக்கிறது. கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் ஏற்றம். முதலில் காய்ந்த முட்காடு, பாறை, குரங்குகள். டம் டம் பாறை பக்கம் வளையும்போது, மழை பெய்த காலமாக இருந்தால், எதிர்மலையில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். எலிவால் அருவி என்று இங்கே சொல்கிற தலையாறு அருவி. 297 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயரமான அருவி. கார்க்காரர்கள் வளைவில் நிறுத்தி செல்ஃபி எடுப்பார்கள். பஸ்ஸில் இடது பக்கமா வலது பக்கமா என்று யோசிக்க வேண்டாம், வளைவுகள் மாறி மாறி இரண்டு பக்கமும் காட்டிவிடும். ஊத்து தாண்டும்போது காது அடைக்கும். பண்ணைக்காடு பிரிவில் ஜன்னலை ஒவ்வொருவராக மூட ஆரம்பிப்பார்கள். பெருமாள்மலையில் காபிக் கடை வாசலில் நிற்பவர்களின் தலையில் குல்லா ஏறியிருக்கும். மூன்று மணி நேரச் சொச்சத்தில் புழுக்கத்திலிருந்து குளிருக்கு வந்துவிடுகிறோம்.

மேலே முதல் பங்களா வந்த பிறகு, இந்த மூன்று மணி நேரத்தைச் சம்பாதிக்கக் கிட்டத்தட்ட எழுபது ஆண்டு ஆனது. கார் போகிற மலைச்சாலை முழுமை பெற்றது 1914-ல். அதற்கு முன்பு ரயிலில் வந்து அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைரோடு நிலையத்தில், இறங்க வேண்டும். அங்கிருந்து மாட்டு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து பெரியகுளம் பக்கத்து கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அதன்பிறகு சுமார் 12 மைல் செங்குத்துப் பாதை. முடிந்தவர் நடந்தார், வசதி உள்ளவர் குதிரையில் போனார், மற்ற வெள்ளைக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் நாற்காலியிலும் டோலியிலும் தூக்கிச் செல்லப்பட்டார்கள். அந்தப் பாதைக்கு கூலி காட் என்றே பெயர் விழுந்தது. கொடைக்கானலின் முதல் பயணிகள் கொண்டுவந்த பைகள் எதுவும் அவர்கள் முதுகில் ஏறவில்லை. சமவெளி ஆட்களின் தலையில் ஏறின. பியானோகூட அப்படித்தான் ஏறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கையில் எனக்குக் கழுத்து வலிக்கிறது.

ஒரு கலெக்டரின் சொந்தச் செலவு

மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் குடும்பம் குடும்பமாகப் பலியானபோது, முதலில் தேடிப்போனது கொடைக்கானல் இல்லை. திண்டுக்கல்லில் நின்றால் கண்ணுக்கு எதிரே தெரிகிற சிறுமலை. அங்கே பங்களா கட்டினார்கள். ஆனால் அந்த உயரத்துக்கும் கொசு ஏறி வந்தது. அதற்குப் பிறகுதான் பழனி மலைத்தொடரின் மேலே, 7,000 அடிக்குப் போய் 1845-ல் இரண்டு பங்களாக்கள் போட்டார்கள். சிறுமலையில் கொசு கடித்திருக்காவிட்டால் இன்று மே மாத நெரிசல் அந்தப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இருந்திருக்கும். மலைவாழைத் தோட்டங்களோடு சிறுமலை அமைதியாக இருப்பதற்கு அந்தக் கொசுவுக்கு நன்றி சொல்லலாம்.

அப்போது கொடைக்கானலில் ஏரி இல்லை. ஓடைகள் கூடும் ஒரு சதுப்புப் பள்ளம்தான் இருந்தது. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் அதற்குக் குறுக்கே கரை போட்டார், பெரும்பாலும் சொந்தப் பணத்தில். தண்ணீர் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு விரலுக்குள்ளும் ஏறி நின்றதில்தான் ஏரிக்கு அந்த நட்சத்திர வடிவம் வந்தது. சுமார் 60 ஏக்கர். மீன் விட்டார், தூத்துக்குடியிலிருந்து ஒரு படகைக் கொண்டுவரச் செய்தார். கடலோரத்திலிருந்து மலை உச்சிக்குப் படகு! ஓய்வு பெற்ற பிறகு இங்கேயே குடியேறினார். யூகலிப்டஸையும் பேரிக்காயையும் இந்த மலைக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். பேரிக்காய்க்கு அவரை வாழ்த்தலாம். யூகலிப்டஸைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

1890-ல் படகு கிளப் வந்தது. 1932-ல்தான் அதன் படகுகளை வெளியூர்ப் பயணிகளுக்கும் தற்காலிக உறுப்பினராகச் சேர்த்து விட்டார்கள். அதுவரை அது துரைமார்களின் பொழுதுபோக்கு. இன்று மிதிபடகு, துடுப்புப் படகு, படகோட்டி தள்ளும் ஷிகாரா என்று எல்லாம் உண்டு. தனியாக வருகிற ஆளுக்கு என் சிபாரிசு துடுப்புப் படகுதான். மிதிபடகில் இரண்டு பேர் ஒரே வேகத்தில் மிதிக்காவிட்டால் அது ஒரே இடத்தில் சுற்றும், சண்டை வரும். துடுப்பு பழகப் பத்து நிமிடம் போதும். ஏரியின் நடுவைவிட அதன் விரல்களுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே தண்ணீருக்கு மேல் மரக்கிளை தொங்கும், கரைச்சத்தம் கேட்காது.

ஏரியைச் சுற்றும் சாலை சுமார் 5 கிலோமீட்டர். வாடகை சைக்கிள் கரையிலேயே கிடைக்கும். எடுப்பதற்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்ப்பதும், சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றித் தரச் சொல்வதும் உங்கள் பொறுப்பு. கடைக்காரர் தானாகச் செய்யமாட்டார். காலை ஆறரைக்குச் சுற்றினால் நடைப்பயிற்சிக்காரர்களும் மேகமும் மட்டும் இருப்பார்கள். அந்த மேகம் தண்ணீர் மேல் இறங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் செய்துவிட்டு, இரண்டு நிமிடத்தில் விலகும். பதினொரு மணிக்குச் சுற்றினால் குதிரைச் சாணம், சோளம் சுடும் புகை, “சார் ஒரு ரவுண்டு, குதிரை ரொம்ப சாது சார்” என்கிற குரல்கள். அதுவும் ஒரு அனுபவம்தான். ஆனால் இரண்டும் ஒரே ஏரி என்று நம்ப முடியாது. ஒரு எச்சரிக்கை: விடியற்காலையில் சாலையோரம் கறுப்பாக ஒரு மாடு நின்றால் அது வீட்டு மாடு இல்லை. காட்டுமாடு. ஆள் உயரத்துக்குத் திமில் இருக்கும். ஊருக்குள் சர்வசாதாரணமாக உலவும். சைக்கிளை நிறுத்தி, அது கடக்கும்வரை நில்லுங்கள். கிட்டே போய் வீடியோ எடுக்கப் போய் முட்டுப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஏரியைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. சுற்றியிருக்கும் கட்டடங்களின் கழிவுநீர் கலப்பதும், நீர்த்தாவரம் படர்ந்து படகுத் துடுப்பில் சிக்குவதும் பல காலப் பிரச்னை. துப்புரவுப் பணி நடக்கும், படம் பத்திரிகையில் வரும், மறுபடி படரும். இந்த ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் நீங்கள் பஸ்ஸில் வந்த வழியில் செண்பகனூர் பக்கம் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. அங்கே கைநிறைய அள்ளி முகம் கழுவுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு லெவிஞ்சின் படகைவிட நம்முடைய சாக்கடைதான் ஞாபகத்துக்கு வரும்.

வெயிலை அளந்த மலை

ஏரியிலிருந்து நடந்தே போகக்கூடிய இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, கோக்கர்ஸ் வாக். 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பில் வெட்டிய, ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை. மேகம் இல்லாத காலையில் பெரியகுளம் சமவெளி காலுக்குக் கீழே விரியும்.

இன்னொன்றுக்குக் கூட்டம் குறைவு. மேட்டுச் சாலையில் ஏறினால் வரும் சூரிய ஆய்வகம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைக் காலி செய்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனில் நடப்பதற்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு உண்டா என்று அரசு யோசிக்கத் தொடங்கியது. அந்த யோசனையின் பலனாக 1899-ல் இங்கே நிறுவப்பட்டதுதான் இது. இங்கிருந்துதான் ஜான் எவர்ஷெட் 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். உலகம் முழுக்க இயற்பியல் மாணவர்கள் அதை எவர்ஷெட் விளைவு என்று படிக்கிறார்கள். நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கும் இடம், ஹனிமூன் ஊரின் ஒரு மூலையில் இருக்கிறது. கையில் பையும் நேரமும் உள்ளவர்களுக்கு அந்த ஏற்றம் நல்ல மூச்சுப் பயிற்சியும்கூட.

குணா குகையைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 1991-ல் ‘குணா’ படம் வந்தபின் அந்தப் பெயர் நிலைத்தது. 2006-ல் கேரளத்திலிருந்து வந்த நண்பர் குழுவில் ஒருவர் பாறைப் பிளவுக்குள் விழ, இன்னொருவர் இறங்கி மீட்ட கதை 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ ஆனது. அதன்பிறகு கூட்டம் சொல்லி முடியாது. நீங்கள் பார்க்கப் போவது கம்பி வேலியையும் மரவேர்களையும் அதற்கு முன் நிற்கும் ஆயிரம் முதுகுகளையும். பிளவுக்குள் போக வழியில்லை, இருக்கவும் கூடாது.

பையோடு வந்து தங்கிவிட்டவர்கள்

டால்பின் மூக்குப் பாறைக்குப் போகும் வழியில் இருக்கிறது வட்டக்கானல். ராணுவச் சேவை முடித்த இஸ்ரேல் இளைஞர்கள் பையோடு வந்து மாதக்கணக்கில் தங்கியதால், குட்டி இஸ்ரேல் என்று பத்திரிகைகள் பெயர் வைத்த குக்கிராமம். கொடைக்கானலில் முதுகுப் பைக்காரர்களின் தலைநகரம் என்று இதைச் சொல்லலாம். மலைச்சரிவில் ஒட்டிக்கொண்ட சில வீடுகள், ஹோம் ஸ்டேக்கள், ஆம்லெட் கடைகள், மாலையில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து ஆளையே மறைக்கிற மேகம். போதைக் காளான் தேடி வருகிற கூட்டமும் ஒன்று உண்டு. அதை விற்கிறவரும் வாங்குகிறவரும் கைதாகும் செய்தி வழக்கமாக வருகிறது. வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

எனக்கு வட்டக்கானல் என்றால் நினைவுக்கு வருவது வேறு இரண்டு பேர். பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற ஆங்கிலேய ஜோடி. 1980-களின் நடுவில் மற்ற பயணிகளைப் போலத்தான் இந்த மலைக்கு வந்தார்கள். ஆனால் காட்டுக்குள் நடக்க நடக்க, அங்கே எது இந்த மண்ணுக்குரிய மரம், எது வந்தேறி என்று கண்ணில் பட ஆரம்பித்தது. பழனி மலையின் இயற்கை, சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வருகிற அமைப்பு. பள்ளங்களில் அடர்ந்த, குட்டையான, பாசி தொங்கும் சோலை. மேடுகளில் வெறும் புல். மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளை ஓட வைப்பது அந்த இரண்டும்தான். விறகுக்கென்றும் தோல் பதனிடும் பட்டைக்கென்றும் யூகலிப்டஸ், வாட்டில், பைன் மரங்களைப் புல்வெளி முழுக்க நட்டபோது அந்த ஏற்பாடு குலைந்தது. நம் சினிமாப் பாடல்களில் வருகிற பைன் காடும் அப்படி நடப்பட்டதுதான். இருவரும் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை உருவாக்கினார்கள். சோலை மர விதை பொறுக்கி, நாற்றங்கால் போட்டு, ஆயிரக்கணக்கில் கன்று வளர்த்து நட்டார்கள். தாவரவியல் பட்டம் எதுவும் இல்லாமல் வந்தவர்களிடம் பிறகு தாவரவியலாளர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வந்தது.

வட்டக்கானல் சோலை ஓரமாக நடக்கும்போது ஒரு வேலை செய்து பாருங்கள். முதலில் வாட்டில் மரங்களுக்குள் நில்லுங்கள். காலடியில் காய்ந்த இலை மட்டும் இருக்கும், ஒரே மாதிரித் தண்டுகள், பறவைச் சத்தம் குறைவு. பிறகு சோலைக்குள் பத்தடி போங்கள். வெப்பம் குறைவது தோலில் தெரியும். மரத்துக்கு மரம் இலை வேறு, கிளையில் ஆர்க்கிட், பாறையில் பாசி, காலுக்குக் கீழே எங்கோ தண்ணீர் சலசலக்கும்.

இந்தப் பக்கத்து ஓடைகளைச் சேர்க்கும் பாம்பாறுதான் கீழே கும்பக்கரை அருவி ஆகிறது. இதே பாம்பாற்றுச் சோலைக்கு மேலேதான் 1983 முதல் 2001 வரை ஒரு பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை இயங்கியது. மூடிய பிறகும், பாதரசத்தால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு நிவாரணம் கிடைக்க 2016 ஆனது. மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சு அதற்குப் பிறகும் ஓய்ந்தபாடில்லை. மேலே கொட்டுவது கீழே வரும் என்று இங்குள்ளவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மேல்மலை

இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் ஏரியை மறந்துவிட்டு மேல்மலைக்குப் போங்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, போளூர், கிளாவரை கிராமங்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கீழ்மலை. கொடைக்கானலிலிருந்து மேல்மலைக்கு அரசுப் பேருந்து இருக்கிறது. பூண்டு மூட்டையும் கேரட் மூட்டையும் ஏறி இறங்குவதால் அது தன் போக்கில்தான் போகும். அவசரப்படுகிறவர்களுக்கு ஜீப் உண்டு.

பூம்பாறையை முதலில் மேலே சாலை வளைவிலிருந்து பார்த்துவிட்டுப் பிறகு இறங்குங்கள். படிப்படியாக வெட்டிய வயல்களுக்கு நடுவில் நெருக்கியடித்த ஓட்டு வீடுகள். ஊருக்குள் குழந்தை வேலப்பர் கோயில்; போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது இங்குள்ள நம்பிக்கை. வீட்டுத் திண்ணைகளில் பூண்டைத் தாளோடு பிடிப்பிடியாகக் கட்டி உலர வைத்திருப்பார்கள். பல் சின்னது, காரம் அதிகம், தோல் இறுக்கம். நன்றாக உலர்ந்தால் மாதக்கணக்கில் கெடாது. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு கட்டு வாங்கிப் பையின் வெளிப்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். உள்ளே வைத்தால் சட்டைகள் எல்லாம் ரசம் மணக்கும்!

அங்கிருந்து இன்னும் மேற்கே, கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் மன்னவனூர். மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளும் முயல்களும் வளர்க்கிறார்கள். பச்சைப் புல் மேடுகள் அலை அலையாய்ப் போய் ஒரு ஏரியில் முடியும். அதில் பரிசல் ஓட்டுகிறார்கள். கொடைக்கானல் ஏரியில் வரிசையில் நின்றவர்களுக்கு இந்த ஏரியின் அமைதி முதலில் கொஞ்சம் அச்சமூட்டும். புல்வெளியில் நடக்கலாம், உட்காரலாம். இரவு கூடாரம் அடிப்பதற்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். அனுமதி இல்லாத கூடாரங்களை அதிகாரிகள் வந்து பிரிப்பது இந்த மலையில் அடிக்கடி நடக்கிறது. காட்டுமாடும் யானையும் உலவுகிற மலையில் துணிச்சுவருக்குள் தூங்குவது என்ன சாகசமோ எனக்குப் புரிவதில்லை.

பேரிஜம் ஏரி வேறு கணக்கு. காப்புக்காட்டுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும், யானைக்கூட்டம் முகாமிட்டால் கதவு மூடிவிடும். பெரியகுளத்துக்குக் குடிநீர் கொடுப்பது இந்த ஏரிதான், ஆகவே படகு கிடையாது, குளியல் கிடையாது. அதைத் தாண்டி டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு போகிற பழைய சாலை ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சென்னையில் இறங்கினால் கொச்சிக்குத் தப்பி ஓட என்று தயார் செய்து வைத்தது. எஸ்கேப் ரோடு என்றே பெயர். யாரும் தப்பி ஓட வேண்டி வரவில்லை. பின்னாளில் காடே சாலையை எடுத்துக்கொண்டது. கூகுள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அதில் நடக்கக் கிளம்புகிற இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2013-ல் இந்தப் பகுதி 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் வன உயிரினச் சரணாலயம் ஆகிவிட்டது. பிடிபட்டால் அபராதம் நிச்சயம்.

இந்த மேடுகளில்தான் 2018-ல் குறிஞ்சி பூத்தது. அடுத்த பூப்பு 2030-ல். இப்போதே நாள்காட்டியில் குறித்துவைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த வருடம் பஸ்ஸில் வாருங்கள்.

காட்டுக்குள் போவதற்கு முன்

2018 மார்ச் 11. கொடைக்கானல் மலையிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் வெகுதூரம் இல்லை, தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள், காய்ந்த புல் இடுப்புயரம் நிற்கிற மாதத்தில், தீ எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாத பாதையில் மாட்டிக்கொண்டவர்கள். அதற்குப் பின்தான் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்துவிட்டது. இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். அவர்களில் பலர் மலைவாழ் மக்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். கட்டணம் அதிகம் என்று முணுமுணுக்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். அந்த வழிகாட்டி காற்றை முகர்ந்து ‘இன்னிக்கு அந்தப் பக்கம் வேண்டாம்’ என்று சொல்வதற்குத்தான் அந்தக் காசு.

பையில் என்ன இருக்க வேண்டும்? மே மாதமாக இருந்தாலும் ஒரு ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு. கொடைக்கானலுக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழை பாதையையே அரிக்கும். மழைக்காலத்தில் அட்டைக்கு உப்பு. டார்ச் லைட். எவர்சில்வர் தண்ணீர் பாட்டில்: ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை, கொண்டுவந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வானம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரி. கம்பளி இல்லாமல் அந்தக் குளிரைத் தாங்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இறங்கும் வழி

ஏறிய பஸ்ஸிலேயே இறங்க வேண்டும் என்று இல்லை. முறையான அனுமதியும் வழிகாட்டியும் இருந்தால் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கால்நடையாகவே கும்பக்கரைக்கு இறங்கலாம். சோலையிலிருந்து காபித் தோட்டம், அதிலிருந்து காய்ந்த காடு, அதிலிருந்து மாந்தோப்பு என்று ஒரே நாளில் மூன்று நான்கு தட்பவெப்பம். இறக்கம்தானே என்று நினைக்கக் கூடாது. ஏற்றம் மூச்சைப் பிடிக்கும், இறக்கம் முழங்காலைப் பிடிக்கும். ஒரு கம்பு அவசியம்.

வெள்ளகவிக்குள் நுழையும்போது வழிகாட்டி செருப்பைக் கழற்றச் சொல்வார். ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. வீடுகளுக்கு நடுநடுவே சாமிகள் இருப்பதால் ஊரே கோயில் மாதிரி. காபியும் அவகாடோவும் விளைகிற ஊர். விளைந்ததைக் குதிரையிலும் தலையிலும்தான் தலைமுறை தலைமுறையாக இறக்கியிருக்கிறார்கள். உடம்புக்கு முடியாதவர்களையும் பிரசவ வலி எடுத்தவர்களையும் டோலி கட்டித் தூக்கி நடந்திருக்கிறார்கள். அன்றைக்குத் துரைமாரைச் சுமந்த அதே டோலி, இந்த மலையில் இவர்களுக்கு ஆம்புலன்ஸ் ஆனது. சாலை கேட்டு அவர்கள் மனு கொடுத்த கதை மிக நீளம்.

மலையேற வருகிறவர்களில் சிலர், “ரோடு வந்துட்டா இந்த ஊரோட அழகே போயிடும்” என்று அங்கேயே, அந்த ஊர் டீயைக் குடித்துக்கொண்டே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். டீ போட்டுக் கொடுத்த அக்கா ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, “நீங்க வருசத்துக்கு ஒருக்கா வாரீக தம்பி. நாங்க ரேசன் அரிசிக்கு வாரா வாரம் ஏறணும்ல” என்றார். பேச்சு அதோடு நின்றது. சாலை வந்தால் கார் வரும், கார் வந்தால் சோலை ஓரம் பாட்டில் கிடக்கும், அதுவும் உண்மைதான். அதற்காக அந்த அக்காவை ஏறிக்கொண்டே இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு, மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள். கும்பக்கரையில் தண்ணீர் வரத்து அதிகமாக இருந்தால் வனத்துறை குளிக்க விடாது. இருட்டுவதற்குள் பெரியகுளம் வந்துவிட்டால் வத்தலக்குண்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் பஸ் கிடைக்கும். சீரகச் சம்பா பிரியாணிக் கடைகள் அந்த நேரத்துக்குத் திறந்துதான் இருக்கும்.